பல்லைக் கட்டிய பொற்கம்பி

நங்கநல்லூரில் பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைகளை இன்று பள்ளி விடும் நேரத்தில் காணலாம். கம்பி கழற்றப்பட்ட அன்றே சிகிச்சை முடிந்ததெனப் பெற்றோர் பலர் கருதிவிடுகின்றனர். அதன்பின் மருத்துவர் தரும் ரிட்டெய்னர், சில வாரங்களில் மேசை இழுப்பறைக்குள் அடங்கிவிடுகிறது. பல்லும் மெல்லப் பழைய இடம் நோக்கித் திரும்புகிறது. பல்லை நகர்த்துவது ஒரு வேலை. நிறுத்திவைப்பது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு நம் வரலாற்றில் பழைய அத்தியாயம் ஒன்றுண்டு.

ஆடும் பல்லைத் தங்கத்தால் கட்டலாமா என்பது ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே கூஃாவின் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்த கேள்வி. கி.பி. 767இல் மறைந்த இமாம் அபூ ஹனீஃபா வெள்ளியே போதும் என்றார். அவர்தம் மாணவர் இமாம் முஹம்மது தங்கத்தையும் அனுமதித்தார். சட்ட நூலேறும் அளவுக்கு அவ்வழக்கம் அன்று அறிமுகமாகியிருந்தது என்பதே நாம் இதில் காணும் செய்தி.

பின்னர், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியில் செய்முறையையே எழுதிவைத்தார். ஆடும் பல்லை உறுதியான பற்களோடு சேர்த்துக் கம்பியால் பின்ன வேண்டும். கம்பியின் நுனி நாவைக் கிழிக்காதவாறு பல்லிடுக்கில் செருகிவிட வேண்டும். வெள்ளி சில நாட்களில் பச்சை பூக்கும், தங்கம் மாறாது என்றும் எச்சரித்தார். நுனியைப் பற்றிய அந்தக் கவலையில் நோயாளியின் வாயருகே குனிந்து நின்ற மனிதரையே நாம் பார்க்கிறோம்.

அவர் கட்டியது தளர்ந்த பல்லை. இன்று கட்டுவது நகர்த்திய பல்லை. பல் எலும்பில் ஆணியடித்து நிற்பதன்று. நுண்ணிய நார்களே அதைப் பிணைத்துள்ளன. பல் நகரும்போது இழுபட்ட ஈற்று நார்கள் புதிய நிலைக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பின்னோக்கி இழுத்துக்கொண்டேயிருக்கும். அமெரிக்கரான சார்லஸ் ஹாலி, கழற்றி மாட்டத்தக்க ரிட்டெய்னரை 1919இல் விளக்கி எழுதினார். அண்ணத்தில் படியும் தகடும் முன்பற்களை அணைக்கும் கம்பியும் கொண்ட அது இன்றும் வழக்கிலுண்டு. கீழ்ப்பற்களின் பின்புறம் நிலையாக ஒட்டப்படும் மெல்லிய கம்பியோ, அஸ்ஸஹ்ராவிக்கு இன்னும் நெருங்கிய உறவு.

நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. சென்னை அரசுக் கல்லூரி 1953இல் தோன்றியது. நங்கநல்லூரார் பழவந்தாங்கலில் மின்ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே அது நிற்கிறது. ரிட்டெய்னர் உடைந்தாலோ இறுகினாலோ தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். உண்ணும்போது கழற்றினால் காகிதத்தில் சுற்றிவைக்காமல், அதற்குரிய பெட்டியிலேயே வைக்க வேண்டும்.