கேரம் போர்டில் கவிழ்ந்த சாம்பியன்கள்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், கேரம் உலகப் போட்டியில பெரிய பெரிய ஆளுங்களே ஆரம்ப ரவுண்டுல தோத்துடறாங்களே, அது எப்படி சார்?" நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஒரு சுற்றுக்கு 'போர்டு' என்று பெயர். எதிராளியின் காய் ஒன்றுகூட விழாத நிலையில் முடித்து, ரெட்டையும் எடுத்தால் 9 + 3, ஆக 12. ஆட்டம் 25 புள்ளிக்கு, அல்லது 8 போர்டுக்கு. அதாவது கை நன்றாக வந்தால் மூன்றே போர்டில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், முதல் அடி அடிப்பவர் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைக்காமல் ஒன்பது வெள்ளையையும் போட்டுவிட முடியும். அதைத்தான் 'வொயிட் ஸ்லாம்' என்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் உலக சாம்பியனாகவே இருக்கட்டும், கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். செஸ்ஸில் இப்படி நடக்காது. பெயரும் புகழும் காயை நகர்த்தாத விளையாட்டு இது.

இப்போது வரலாறு. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988ல் தொடங்கப்பட்டது நம் சென்னையில்தான். இதற்காக உழைத்தவர்களில் பங்காரு பாபு பெயரை மறக்கக்கூடாது. 1991ல் டெல்லியில் முதல் உலக சாம்பியன் பட்டத்தை வென்றவர் நம் மரிய இருதயம். 1995ல் கொழும்பில் மறுபடியும் அவரே. 1996ல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். கேரமுக்காக அந்த விருது பெற்றவர் அவர் ஒருவரே. எத்தனை சாம்பியன்கள் வந்துவிட்டார்கள், இன்னும் ஒருவரே! எனக்கு இது வருத்தம்தான்.

2008ல் பிரான்ஸ் நாட்டு கான் நகரில் நடந்த போட்டி. திரைப்பட விழாவுக்குப் பேர்போன ஊர். இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் பீகாரின் ரஷ்மி குமாரி, உலகப் பட்டத்தை ஏற்கெனவே பார்த்தவர். எதிரே வியாசர்பாடி இளவழகி, வசதியில்லாத வீட்டுப் பெண். ஜெயித்தது இளவழகி.

இந்தியாவுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2012ல் கொழும்பில் ஆண்கள் பட்டத்தை இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ தட்டிச் சென்றார். கோப்பை இந்தியர் கையில்தான் என்று நினைத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். விளையாட்டுக்கு அது நல்லதுதான் என்பேன்.

2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 17 வயது காசிமா மூன்று தங்கம் வாங்கினார். வண்ணாரப்பேட்டைப் பக்கம், ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டே மாலத்தீவில் காசிமேடு கீர்த்தனா பட்டம் வென்றார்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்ட்ரல் போகிறவர்களுக்குத் தெரியும், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் நம் வழியில்தான் இருக்கின்றன. வியாசர்பாடியும் காசிமேடும் அங்கிருந்து எட்டிவிடும் தூரம். அந்தத் தெருக்களில் மன்றத்துக்கு மன்றம் போர்டு உண்டு, மாலையானால் போரிக் பவுடர் வாசனை. அங்கே பத்து வயதுப் பிள்ளை பெரியவர்களோடு மோதித்தான் பழகுகிறது. அதனால் எதிரே யார் உட்கார்ந்தாலும் அதற்குக் கை நடுங்குவதில்லை. கணக்குக்கு அடுத்தபடி காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நம் பக்கம் நிலைமை வேறு. கேரம் ஆடினால் 'உருப்படாத பயல்' என்ற பட்டம்தான். பெண் பிள்ளைகள் மன்றத்துக்குள் கால் வைக்கவே முடியாது. ஆசிரியர் அறையில்கூட அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்கும் இடம் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். என் தெருவில் ஏழாவது படிக்கும் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள்.