கிருமி போன பின்னும்: காசநோயில் அழற்சியின் பங்கு

நிமோகாக்கஸ் கிருமியால் நிமோனியா கண்டு இறந்தவரின் நுரையீரலை அறுத்துப் பார்த்தால், நோயுற்ற மடல் கல்லீரல் போலக் கெட்டித்துக் கிடக்கும். காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களும் ஃபைப்ரினும் அடைத்திருக்கும். அதே நிலையிலிருந்து பிழைத்தவருக்குச் சில மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், பெரும்பாலும் ஒரு சுவடும் தெரியாது. அறைகளை அடைத்திருந்தவை கரைந்துபோயிருக்கும். எஞ்சியதை மேக்ரோபேஜ்கள் விழுங்கித் தீர்த்திருக்கும். அறைச் சுவர்கள் பழையபடி நிற்கும். காசநோயில் இந்த மீட்சி அரிது. ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டு, சளியில் கிருமி இல்லை என்று சான்றும் பெற்றவரின் எக்ஸ்ரேயில் மேல்மடல் சுருங்கியிருக்கலாம். மூச்சுக்குழல் இழுபட்டு விரிந்திருக்கலாம். கிருமியற்ற ஒரு குழிவு அப்படியே நிலைத்திருக்கவும் கூடும்.

இரண்டும் தொற்று, இரண்டும் அழற்சி. முன்னதைக் குறுங்கால அழற்சி என்றும் பின்னதை நாட்பட்ட அழற்சி என்றும் பாடநூல்கள் வகைப்படுத்தும். நாள் கணக்கை வைத்துச் செய்யும் இந்தப் பிரிவு வசதியானதுதான். விளக்கமாகக் கொள்ளப் போதாது. காசநோயில் நுரையீரலைச் சிதைக்கும் வேலையில் பெரும்பகுதி நம் உடலின் அழற்சி செய்வதே என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படியானால், கிருமி ஒழிந்ததைக் கொண்டே குணம் என்று தீர்மானிக்கும் அளவுகோல் நோயின் ஒரு பாதியைத்தான் அளக்கிறது. ஆனால் அழற்சியை அடக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற எதிர்முடிவுக்கும் இதே சான்றுகள் இடம் தரவில்லை.

அழற்சி அணைவது பற்றிய ஒரு பழைய எண்ணத்தை முதலில் களைய வேண்டும். காரணம் நீங்கினால் அழற்சி தானே ஓயும் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. சார்லஸ் செர்ஹானும் அவர் வழி வந்த ஆய்வாளர்களும் காட்டியது வேறு. அழற்சியை மூட்டும் லியூக்கோட்ரையீன் போன்ற கொழுப்புச் சேர்மங்களைச் சுரந்த செல்களே, ஒரு கட்டத்தில் லிப்பாக்சின், ரிசால்வின் முதலியவற்றைச் சுரக்கத் தொடங்குகின்றன. புதிய நியூட்ரோபில்களின் வரவு நிற்கிறது. வந்தவை தம்மைத் தாமே ஒடுக்கிக்கொண்டு மடிகின்றன. மடிந்தவற்றை மேக்ரோபேஜ்கள் சத்தமில்லாமல் விழுங்குகின்றன. அழற்சியை முடித்துவைப்பதும் உடல் முனைந்து செய்யும் ஒரு வேலை என்றாகிறது. நிமோனியாவில் அந்த வேலை பெரும்பாலும் முடிகிறது. காசநோயில் அது முடிவது அரிது. தூண்டுகோல் உள்ளேயே இருக்கிறது. மைக்கோலிக் அமிலம் செறிந்த மெழுகுத் தோல் போர்த்திய அக்கிருமி, தன்னை விழுங்கிய மேக்ரோபேஜுக்குள்ளேயே குடியிருந்து, செரிமானப் பைகள் தன்னை வந்து சேராதபடி தடுத்துக்கொள்கிறது. உடல் அதைச் சுற்றிச் செல்களைக் குவித்து, கிரானுலோமா என்னும் அணையைக் கட்டுகிறது. பலருக்கு ஆயுள் முழுதும் அந்த அணை தாங்கிவிடும். தாங்காதவர்களுக்கு அதன் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல் நைந்து, உருகி, மூச்சுக்குழலுக்குள் உடைகிறது. அதுதான் குழிவு.

இந்தக் குழிவைச் செய்தது யார்? கிருமிதான் என்பது உடனே தோன்றும் விடை. தொண்டை அடைப்பான் கிருமி நஞ்சைக் கக்கிக் கொல்வதுபோலக் காசநோய்க் கிருமியும் திசுவைத் தின்கிறது என்றே பொதுமக்கள் நினைக்கிறார்கள். மருத்துவர்களிலும் சிலர் அப்படி நினைப்பதுண்டு. அந்த எண்ணத்துக்கு முதல் அடி விழுந்தது, கிருமியைக் கண்டுபிடித்தவர் கையாலேயே. 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்த ராபர்ட் கோக், 1890 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அதுவே டியூபர்குலின். ஐரோப்பா முழுதிலுமிருந்து நோயாளிகள் பெர்லினுக்குத் திரண்டனர். ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. தோலில் காசநோய் உள்ளவர்களிடம் நடந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது: புண் இருந்த இடம் மட்டும் வீங்கிச் சிவந்தது, சில இடங்களில் கறுத்து உரிந்தது; பக்கத்திலிருந்த நல்ல தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நுரையீரலிலும் அதுவே நடந்தது, கண்ணுக்குத் தெரியாமல். 1891 ஜனவரியில் நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஹோ, ஊசி போட்டபின் இறந்தவர்களின் உடற்கூற்றைப் பெர்லின் மருத்துவர்கள் முன் வைத்தார். பழைய புண்களைச் சுற்றிக் கடும் அழற்சியும் புதிய பரவலும் காணப்பட்டன.

கோக்கின் புகழுக்கு நேர்ந்த இழுக்காகவே இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர்கள் எழுதிவருகிறார்கள். எனக்கு அது வேறொரு காரணத்துக்காக முக்கியம். ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிளிசரினில் எடுத்த சாறுதான் இருந்தது. அந்தச் சாறு நலமுள்ளவரிடம் சிறு அளவில் ஏதும் செய்யவில்லை. ஏற்கெனவே கிருமியை அறிந்திருந்த உடல்தான் கொந்தளித்தது. திசு அழிவதற்கு உயிருள்ள கிருமியே வேண்டியதில்லை, உடலின் நினைவு போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று, யாரும் திட்டமிடாமலேயே, 1890இல் கிடைத்துவிட்டது.

மறுபக்கச் சான்று ஒரு நூற்றாண்டு கழித்து எச்.ஐ.வி. வழியாக வந்தது. எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சி.டி.4 செல்கள் மிகவும் குறைந்துபோன எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் காசநோய் எளிதில் வருகிறது, உடலெங்கும் பரவுகிறது, கொல்கிறது. ஆனால் அவர்கள் நுரையீரலில் குழிவு அரிது. எக்ஸ்ரே சில வேளை இயல்பாகவே தோன்றும். கிருமி ஏராளம், குழிவு இல்லை. இவர்களுக்கு எச்.ஐ.வி. மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தி மீளத் தொடங்கியதும், காசநோய் மருந்து சரியாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, காய்ச்சல் திரும்பி நெறிக்கட்டிகள் வீங்கி எக்ஸ்ரே மோசமாவது உண்டு. நோயாளியின் வீட்டார் மருந்தைச் சந்தேகிப்பார்கள். உண்மையில் மீண்டது நோயன்று, அழற்சி.

திசு எப்படி அறுபடுகிறது என்பதும் இன்று ஓரளவு தெளிந்துவிட்டது. நுரையீரலின் சட்டகம் கொலாஜன் இழைகளால் ஆனது. அதை அறுக்கும் எம்.எம்.பி.-1 என்ற நொதியைச் சுரப்பவை நம் மேக்ரோபேஜ்களும் மூச்சுக்குழல் செல்களும். சாதாரண ஆய்வக எலிக்குக் காசநோய் வந்தால் மனிதருக்கு வருவதுபோன்ற குழிவு ஏற்படுவதில்லை. மனித எம்.எம்.பி.-1 மரபணுவைப் புகுத்திய எலியின் கிரானுலோமாவில் கொலாஜன் சிதைந்ததை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இதில் கிருமிக்கு என்ன ஆதாயம் என்று கேட்பது வீண் கேள்வியன்று. குழிவின் சுவரில் பிராணவாயு தாராளம். கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. ஒவ்வொரு இருமலும் அவற்றை அடுத்தவரிடம் கொண்டுபோகிறது. 2010இல் உலகின் பல பகுதிகளிலிருந்து சேர்த்த கிருமி வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். நம் டி செல்கள் அடையாளம் காணும் புரதத் துண்டுகளைப் பொதுவாகக் கிருமிகள் அடிக்கடி மாற்றிக்கொள்ளும், தப்புவதற்காக. காசநோய்க் கிருமியில் அந்தத் துண்டுகள்தாம் மிகக் குறைவாக மாறியிருந்தன. அடையாளம் காணப்படுவது அதற்கு நட்டமாக இல்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. நம் எதிர்ப்பு அதன் பயணச்செலவைக் கட்டுகிறது.

இவ்வளவையும் அடுக்கியபின், ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்கினால் என்ன என்ற கேள்வி எழும். விடை உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. மூளை உறையில் காசநோய் வரும்போது, மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. மூளையடியில் கசியும் அழற்சி நீர் தண்டுவட நீரின் பாதையை அடைக்கிறது. நாளங்களை நெரித்துப் பக்கவாதம் உண்டாக்குகிறது. வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004இல் வெளியான சோதனையில், காசநோய் மருந்துடன் டெக்சாமெத்தசோனும் பெற்றவர்களிடம் இறப்பு 41.3 விழுக்காட்டிலிருந்து 31.8 ஆகக் குறைந்தது. கிருமிமேல் சற்றும் வேலை செய்யாத ஒரு மருந்து நூற்றுக்கு ஒன்பது பத்து உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் பிழைத்தவர்களின் கடும் உடற்குறை குறையவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் செய்து 2023இல் வெளியிட்ட சோதனையில் இறப்பிலும் பலன் தெரியவில்லை.

அடக்குவதால் வரும் கேடும் நமக்குத் தெரியும். மூட்டுவாதத்துக்காக டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து வந்த சில ஆண்டுகளில், அதைப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் வந்த செய்தி 2001இல் வெளியாயிற்று. பலருக்கு அது நுரையீரலைத் தாண்டிப் பரவியிருந்தது. அணையின் கல்லை உருவியதன் விளைவு அது. ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணனின் குழு, உடல் ஊடே பார்க்கத்தக்க ஜீப்ரா மீன் குஞ்சுகளில் இதன் இரு முனைகளையும் காட்டியது. டி.என்.எஃப். குறைந்தால் மேக்ரோபேஜுக்குள் கிருமி பெருகி அதை வெடிக்கச் செய்கிறது. மிகுந்தால் மேக்ரோபேஜ் தானே சிதைந்து கிருமியை வெளியே கொட்டுகிறது. இரண்டிலும் வெல்வது கிருமியே. எனவே எல்லோருக்கும் ஒரே அளவில் அழற்சி அடக்கி என்ற யோசனைக்கு இங்கே இடமில்லை. நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாக ஸ்டீராய்டு சேர்க்கப்படாததும் சரியே. கொலாஜன் அறுக்கும் நொதியை மட்டும் குறிவைக்கும் முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. சிங்கப்பூரில் 30 பேரிடம் டாக்சிசைக்ளினைச் சேர்த்துப் பார்த்தபோது குழிவின் கொள்ளளவு குறைந்தது. சிறிய ஆய்வு, இப்போதைக்கு அதைக் கொண்டு மருந்துச் சீட்டு எழுத முடியாது.

நுரையீரலோடு நிற்கும் விவகாரமும் அன்று இது. நாட்பட்ட அழற்சி உடலின் வரவு செலவையே மாற்றி எழுதுகிறது. டி.என்.எஃப். புரதத்துக்கு முதலில் இட்ட பெயர்களில் ஒன்று கேகெக்டின், அதாவது உடலை உருக்குவது. இரண்டும் ஒன்றே என்பது 1985இல் தெரிந்தது. பசி போகிறது, தசை கரைகிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து இரும்பைக் கிடங்கில் பூட்டிவிடுவதால், இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்தசோகை தீர்வதில்லை. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய ஏற்பட்ட இந்த ஏற்பாடு ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பொருத்தம். எட்டு மாதம் நீண்டால் ஆளையே சாய்த்துவிடும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அழற்சிப் புரதங்கள் சிறுநீரகத்தில் அமிலாய்டாகப் படிகின்றன. இந்தியாவில் அதற்கு நெடுநாள் காசநோய் ஒரு முக்கியக் காரணம்.

உடல் உருகுவதைப் பேசும்போது உணவைப் பற்றியும் பேச வேண்டும்; சென்னையின் பெயரைக் காசநோய் வரலாற்றில் நிலைநாட்டிய ஆய்வை இந்தக் கண்ணோடு ஒருமுறை படிக்கலாம். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஐசோனியாசிடும் பாஸ் என்ற மருந்தும் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில், அரைவயிற்றுடன், வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தவர்கள். 1959இல் வெளிவந்த முடிவில் இரு தரப்பாரும் கிருமியிலிருந்து விடுபட்ட விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது வழிவகுத்தது. ஏழை நாடுகளுக்கு அது பெரும் விடுதலை. ஆனால் அதிலிருந்து உணவு ஒரு பொருட்டில்லை என்ற பாடத்தையும் சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு கேட்ட கேள்வி கிருமி போயிற்றா என்பதுதான். யார் முதல் மாதத்தில் சாகிறார், யாருடைய நுரையீரல் எந்த நிலையில் மிஞ்சுகிறது என்பவை வேறு கேள்விகள். உணவு ஒரு பொருட்டுதான் என்பதற்கும் சான்று உண்டு: நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்கி ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், உடனிருந்தோருக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நான் அறிந்தவரை, கிருமியோடு நோயாளியின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும் என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் தெளிவானது. நோய் கண்டறிந்த உடனே சுகாதாரப் பணியாளர் எடையும் உயரமும் எடுக்கிறார், பாதத்தை அழுத்தி வீக்கம் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிறார், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். எழ முடியாதவரை அன்றே மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு. இந்தச் சோதனைகளில் ஒன்றுகூடக் கிருமியை எண்ணவில்லை. அழற்சி உடலை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதையே அளக்கின்றன.

கிருமியைச் சீக்கிரம் கொல்வதே சிறந்த அழற்சி மருத்துவம் என்று ஒரு மறுப்பு வரக்கூடும். நியாயமான மறுப்பு. மூன்றாம் வாரத்தில் கண்டறிந்தால் குழிவே விழாமல் போகலாம். ஆனால் நம் நோயாளிகளில் பலர் இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் மாறி மாறிச் சாப்பிட்டு மாதங்கள் கழித்தே வருகிறார்கள். அதற்குள் சட்டகம் அறுந்துவிடுகிறது. அவர்களுக்கு ஆறாம் மாத முடிவில் கிடைக்கும் "குணமடைந்தார்" என்ற பதிவு, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பதையோ, பழைய குழிவில் பூஞ்சை குடியேறி ரத்தம் கக்குவதையோ சொல்வதில்லை. சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டாண்டுக் கண்காணிப்பு நம் தேசியக் காசநோய்த் திட்டத்தில் உண்டு. கிருமி திரும்புகிறதா என்று பார்ப்பதே அதன் முதன்மை நோக்கம். அதோடு மூன்றைச் சேர்க்க வேண்டும்: மருந்து முடியும் நாளில் ஓர் எக்ஸ்ரே, நுரையீரல் திறனை அளக்கும் ஒரு ஸ்பைரோமெட்ரி, ஆறு நிமிட நடைச் சோதனை. முடிவுகளை அத்திட்டத்தின் நிக்‌ஷய் பதிவேட்டில் சளிச் சோதனைக்குப் பக்கத்திலேயே ஏற்ற வேண்டும். குறை தென்படுபவரைக் காசநோய்ப் பிரிவு கைகழுவிவிடாமல், அந்தந்த மாவட்ட மருத்துவமனையிலேயே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பிவைக்க வேண்டும்.