வானம் பொய்த்ததும் வாய் பொய்த்ததும்

‘மழை பொய்த்துவிட்டது’ என்று இன்றும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மழை யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை; இருந்தும் அந்த வழக்கு நம் காதில் உறுத்துவதில்லை. பழந்தமிழில் ‘பொய்’ என்பது உள்ளதை மறைத்துப் பேசுவதை மட்டுமன்றி, வரவேண்டியது வராமற்போவதையும் குறித்தது. மழை தவறிய காலத்தும் காவிரி தவறாது என்று சொல்லவந்த பட்டினப்பாலை, வானுக்கும் ஆற்றுக்கும் இந்த ஒரே வினையைத்தான் வைக்கிறது. சிலப்பதிகாரத்தில் வையைக்கு வரும் ‘பொய்யா’ என்ற அடையும் இவ்வகையே.

இவ்விரு பொருளும் அகப்பாடல்களில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, தலைவன் தன்னைக் கூடியபோது வேறெவரும் இல்லை, ஆரல்மீனுக்குக் காத்திருந்த குருகு ஒன்றே இருந்தது என்கிறாள். அவன் பொய்த்தால் தான் என்ன செய்வது என்பது அவள் கேள்வி. அவன் மறுத்துப் பேசுவதையா, வராமல் கைவிடுவதையா அவள் அஞ்சுகிறாள்? அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

சாட்சி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அகநானூறு 256 காட்டுகிறது. கள்ளூரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, அவளை அறியவே அறியேன் என்று சூளுரைக்கிறான். அவை, அறிந்த சாட்சிகளை வினவி உண்மை காண்கிறது. அவனை மரக்கிளையில் இறுகக் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அவையில் பேராரவாரம் எழுகிறது. இதைச் சொல்பவள் தோழி. கேட்பவன் பரத்தையோடு புனலாடிவிட்டு வந்து, அதை மறைத்து நிற்கும் தலைவன். அன்றைய ஆரவாரத்தைவிட இன்று உன்னைப் பற்றி ஊரில் எழுந்த அலர் பெரிது என்கிறாள். வாயிலில் நிற்பவனுக்கு இதைவிடக் கூரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்னும் தொல்காப்பியக் கற்பியல் செய்தியை இப்பாடலோடு வைத்துப் படித்தால், அங்கே குறிக்கப்படும் பொய் எத்தகையது என்று விளங்கும்.

திருக்குறளில் அவையும் இல்லை, சாட்சியும் இல்லை. பொய்த்தவனைச் சுடுவது அவன் நெஞ்சமே. வாய்மை அதிகாரம் துறவறவியலில் இருப்பதும் கவனிக்கத்தக்கது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று 292ஆம் குறள் இடம் கொடுப்பதால், சொல்லின் விளைவே அளவுகோலாகிவிடுகிறது. வானத்தின் பொய்க்கு இந்த விலக்கு பொருந்தவே பொருந்தாது.

பக்தி இலக்கியத்தில் சொல் மேலும் விரிகிறது. நம்மாழ்வாரின் திருவிருத்தம் ‘பொய்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது; அங்கே பொய்யாவது மனிதப் பேச்சன்று, மனித அறிவு. மாணிக்கவாசகரோ தம்மையும் தம் நெஞ்சையும், இறைவனிடம் தாம் வைத்த அன்பையும்கூடப் பொய்யென்று ஒப்புக்கொள்கிறார். கள்ளூர்க்காரன் கட்டுண்டு நின்றான். இவர் தம்மேல் தாமே வழக்குத் தொடுக்கிறார்.

கம்பர் இந்தச் சொல்லை அதன் இன்மையால் ஆள்கிறார். கோசலத்தில் பொய்பேசுவார் இல்லாததால் அங்கே உண்மை என்று ஒன்று தனித்துத் தெரியவில்லையாம். வறுமை இல்லாததால் கொடைக்கும் இடமில்லை என்று அதே பாட்டில் சொல்வதால் இதைப் புகழுரை என்று கடந்துவிடலாம். ஆனால் பொய்யை வாய்மையின் பகையாகக் கண்ட மரபில், வாய்மை புலப்படவே பொய் வேண்டும் என்ற தருக்கத்தை நாட்டுவருணனைக்குள் அவர் நுழைத்துவிட்டார்.