இறைத்தலும் ஊறுதலும்: மலைநாட்டு வரலாற்றில் ஒரு சொல்

சொற்களின் பொருள் காலந்தோறும் விரிவதும் சுருங்குவதும் மொழி வரலாற்றிற் பொதுவாகக் காணப்படுவதாகும். சிற்சில வேளைகளில், ஒரு சொல் இழந்துவிட்ட பழம்பொருளே அச்சொல் இன்று குறிக்கும் நிகழ்ச்சியைச் செவ்வனே விளக்கக் காண்கிறோம். ஒரு பொருள் முற்றாகத் தீர்ந்துபோதலையும் உடல் சோர்ந்துபோதலையும் ஒருங்கே உணர்த்தும் ‘எக்ஸோஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வார்க்கு அதன் வேர்ப்பொருள் பெரிதும் துணைசெய்யும்.

இச்சொல் 16 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. இலத்தீன் மொழியில் ‘எக்ஸ்’ என்பது வெளியே என்றும், ‘ஹவுரீரே’ என்பது நீரை மொள்ளுதல், இறைத்தல் என்றும் பொருள்படும். இரண்டும் இணைந்து, நீரை வெளியே இறைத்து வெறுமையாக்குதல் என்னும் கருத்தைத் தந்தன. நீருக்கு உரியதாயிருந்த சொல் பின்னர் செல்வத்திற்கும், நிலவளத்திற்கும், மனித வலுவிற்கும் ஆகிவந்தது. பொறிகளிலிருந்து நீராவி வெளியேறுவதைக் குறித்த வழக்கே இன்று வாகனங்களின் புகைக்குழாய்க்குப் பெயராகியுள்ளது.

வேர்ப்பொருளில் மூன்று கூறுகள் உள. ஒன்று கிணறு, மற்றொன்று இறைப்பவர், மூன்றாவது, இறைத்த நீர் போய்ச்சேரும் இடம். இன்றைய வழக்கிலோ கிணறு மட்டுமே எஞ்சியுள்ளது. தமிழிலும் ‘நிலம் வளம் குன்றியது’, ‘தொழிலாளர் சோர்ந்தனர்’ என்றே எழுதுகின்றோம். குன்றியதும் சோர்ந்ததும் தாமே நிகழ்ந்தனபோலத் தோன்றுகின்றன. இறைத்தவர் யார் என்பது வாக்கியத்தில் மறைந்துவிடுகின்றது. மலைநாட்டு வரலாறு இம்மறைப்புக்குத் தக்க சான்றாகும்.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவாகக் கருதியது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டக்காரர் கைக்கு மாறின. காடு வெட்டி எரிக்கப்பட்டது. நெடுங்காலம் இலைகள் மக்கிச் சேர்ந்த மேல்மண்ணே கோப்பியின் முதலாயிற்று. களை முழுவதையும் அகற்றும் வழக்கத்தால் அம்மண் பருவமழைக்கு வெறுமையாய்க் கிடந்து கரைந்தோடியது. தாழ்ந்த சரிவுகளில் தொடங்கிய பயிர் புதுக் காடுகளை நாடி டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகள்வரை சென்றது. 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கு நோயே நேர்க்காரணமாயினும், மலைமேல் மலையாக ஒரே பயிர் இடையறாது பரவியிருந்தமை நோய் பரவ வழிவகுத்தது என்பதும் மறுக்கற்பாலதன்று.

அடுத்து வந்த தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து கிள்ளக் கிள்ளச் செடி மீண்டும் தளிர்க்கின்றது. இறைக்க இறைக்கக் கிணறு ஊறும் என்னும் தமிழ்ப் பழமொழிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. எனினும் ஊற்றுக்கு நிலத்தடி நீர் வேண்டுமன்றோ? கொழுந்தோடு மண்ணின் தழைச்சத்தும் வெளியேறுகின்றது; அதனை உரமாக ஈடுசெய்தல் வேண்டும். 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், 1951 ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டமும் இத்தேவையை ஏற்றுக்கொண்டதன் அடையாளங்களாம். கவ்வாத்துச் செய்த கிளைகளை மலையிலேயே விட்டு மக்கச்செய்வர். முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கியபின், உடனே மறுநடுகை செய்யாது, குவாத்தமாலாப் புல்லை வளர்த்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் மண்ணைத் தேற்றுவர். நிலத்திற்கு இளைப்பாறுதல் வேண்டும் என்பது தோட்டத்தின் கணக்கில் இடம்பெற்றுவிட்டது.

மனிதருக்கு அத்தகைய கணக்கு இருந்ததா? தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரின் நாள் உழைப்பு ‘பேர்’ எனப் பதியப்பட்டது. விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. உடலின் சோர்வு இவ்வாறு தொழிலாளியின் குறையாக எழுதப்பட்டதேயன்றி, இறைப்பின் விளைவாக எழுதப்படவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் அகன்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1971 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 11,74,606 ஆகவிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981 இல் 8,18,656 ஆகக் குறைந்தது. சிலர் தம்மை இலங்கைத் தமிழரெனப் பதிந்தமையும் இக்குறைவுக்கு ஒரு காரணமாயினும், கப்பலேறிச் சென்றவர்களே பெருந்தொகையினர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

இத்தொகையை ‘மக்கள் குறைந்தனர்’ என்று எழுதுவது பிழையன்று, ஆயினும் நிறைவுடையதுமன்று. நீர் தானே வற்றிய கிணறும், இறைத்து வற்றிய கிணறும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இவற்றை வேறுபடுத்திக் காட்டுவதே வரலாற்றாசிரியன் கடன். இறைத்தவர் யார், இறைத்தது எங்கே பாய்ந்தது, ஊறுவதற்கு என்ன விடப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் அப்பழஞ்சொல் தன் வேரிலே சுமந்து நிற்கின்றது. நுவரெலியா, ஹற்றன் மலைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், மண்ணைப் பற்றிக் கேட்கக் கற்றுக்கொண்ட இவ்வினாக்களை அம்மண்ணில் உழைத்த மக்களைப் பற்றியும் கேட்டல் வேண்டும்.