இரட்டைக் குழல் துப்பாக்கி: குழல் குட்டையா இருந்தா வசதிதான்... ஆனா அறுத்தா 7 வருஷம் ஜெயில்!

திருவெள்ளறையில் இருந்து மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சி போகிறவர்கள், வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கும் நீளமான துப்பாக்கியைப் பார்த்திருப்பாங்க. பெரும்பாலும் அது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. சினிமாவில் மட்டும் அதே துப்பாக்கி பாதி நீளத்தில் வருது. அப்போ நிஜத்திலும் குழலைக் குறைச்சுக்கலாமா?

12 போர்னா என்ன?

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் குழலின் உள்விட்டம். சுமார் 18.5 மி.மீ.

குட்டைக் குழலில் என்ன லாபம்?

28, 30 அங்குலக் குழல் பறக்கும் பறவையைக் குறிபார்த்துச் சுட உருவானது. வங்கி வாசலிலும், பணம் ஏற்றும் வேனுக்குள்ளும் அந்த நீளம் இடிக்கும். 20 அங்குலக் குழல் என்றால் சட்டென்று திருப்பலாம். இரட்டைக் குழலில் தோட்டா ஏற்றும் இயந்திரம் குழலுக்குப் பின்னால் இல்லை. அதனால், அதே நீளக் குழல் உள்ள பம்ப் துப்பாக்கியைவிட மொத்த நீளமும் குறைவு. மடக்கித் திறந்தாலே தோட்டா இருக்கா இல்லையான்னு கண்ணில் தெரியும். காவலாளிக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு.

சினிமா சொல்லும் பொய்

குழலை அறுத்தால் குண்டுகள் கதவு அகலத்துக்குச் சிதறும் என்பது கட்டுக்கதை. ஓர் அறைக்குள் சுட்டால் அவை கையளவு அகலத்தைத் தாண்டாது. சிதறலைக் கட்டுப்படுத்துவது குழல் நுனியில் இருக்கும் 'சோக்' என்ற குறுகல். அறுத்தால் அது போயிடும். கொஞ்சம் தள்ளி நிற்பவர் மேலும் குண்டு படலாம். எடை குறைவதால் தோளில் உதை கூடும், சத்தமும் தீப்பொறியும் அதிகம்.

சட்டம் என்ன சொல்லுது?

1959 ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு, பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் உரிமம் கொடுக்கும்போது குறைந்தது 20 அங்குலக் குழலைத்தான் கணக்கில் எடுக்குது. அதாவது 50.8 செ.மீ. அமெரிக்காவில் 18 அங்குலம், பிரிட்டனில் 24 அங்குலம் எல்லைக்கோடு.

இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. '30 அங்குலத்தை 22 ஆக்கினா தப்பில்லையே' என்ற கணக்கு செல்லாது. குழலைக் குறைப்பதற்கே தனி உரிமம் வேணும் என்கிறது 6வது பிரிவு. மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் இதுதான். திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கேன்னு பட்டறை தேடிக் கிளம்ப வேண்டாம். 1966 முதல் அது இயங்குவது முக்கியமாகப் படைகளுக்கு ஆயுதம் செய்யத்தான்.

குட்டையானது தேவைன்னா, 20 அங்குலத்துக்குக் குறையாமல் தயாரிக்கப்பட்டதையே உரிமத்தோடு வாங்கணும்.

தாத்தா துப்பாக்கி வீட்டில் இருக்கா?

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கணும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். திருவெள்ளறை மாதிரி ஊர்க்காரர்கள் அணுக வேண்டியது மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.