கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண்கள்

எம்மில் பலருக்கு யப்பானியப் பெண் என்றதும் நினைவுக்கு வருபவள் ஒஷின். 1983 ஏப்ரலில் யப்பானில் ஆரம்பமாகி, பிறகு இலங்கை உட்படப் பல நாடுகளில் காட்டப்பட்ட தொலைக்காட்சித் தொடர் அது. வறுமையில் பிறந்த சிறுமி எல்லாவற்றையும் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் கடைகளுக்குச் சொந்தக்காரியாகிறாள். பொறுத்தார் பூமியாள்வார் என்று கேட்டு வளர்ந்த எமக்கு அது மிகவும் பிடித்துப்போனதில் அதிசயமில்லை.

அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த மாதங்களில், ரோக்கியோவில் தொழில் அமைச்சின் பெண்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்த றியோக்கோ அக்கமட்சு என்ற பெண்மணி, ஒரு சட்டத்துக்காக முதலாளிமாரின் சம்மேளனத்துடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேலைவாய்ப்பில் ஆண் பெண் சமத்துவத்துக்கான சட்டம். அதற்குப் பின்னால் இருந்தவர்கள் பொறுக்க மறுத்த பெண்கள்.

இன்று யப்பானில் உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்குத் ‘தன்னம்பிக்கை’ கற்றுக்கொடுக்கப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. பதவி உயர்வை விரும்புவதில்லை, தலைமை தாங்கத் தயங்குகிறார்கள் என்பது பெண்கள்மீது வைக்கப்படும் குறை. தயக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அவர்களது மனத்தில் தானாக முளைத்ததா? நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்தால், அது கடதாசியில் எழுதி வாங்கப்பட்டது என்றே தெரிகிறது.

‘திருமணம் செய்தால், அல்லது முப்பது வயது நிறைந்தால், வேலையிலிருந்து விலகுவேன்.’ சுமிற்றோமோ சீமெந்துக் கொம்பனி தன்னிடம் வேலைக்குச் சேரும் பெண்களிடம் இந்த அர்த்தத்தில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியது. பிற கொம்பனிகளிலும் இவ்வாறான வழக்கங்கள் இருந்தன. அங்கே எழுதுவினைஞராக இருந்த ஒரு பெண் கல்யாணம் செய்தார், விலக மறுத்தார், வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். கல்யாணமான பெண்ணின் கவனம் வீட்டில் இருக்கும், வேலைத்திறன் குறையும், வருடா வருடம் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டு போகும் என்று கொம்பனி வாதாடியது. வெட்கப்படாமல் சொன்ன வாதம் என்ற வகையில் இதற்கு ஒரு நேர்மை உண்டு!

சட்டம் அந்தப் பெண்ணுக்கு நேரடியாக உதவக்கூடியதாக இருக்கவில்லை. போருக்குப் பின் வந்த அரசியலமைப்பு சமத்துவத்தைச் சொன்னது. குடும்பத்தில் பெண்ணின் உரிமை பற்றிய அதன் 24ஆம் உறுப்புரையை 1946 பெப்ரவரியில் முதலில் எழுதியவர் பெயாட்டே சிறோட்டா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண். ஆனால் அரசியலமைப்பு கட்டுப்படுத்தியது அரசைத்தான். தனியார் கொம்பனியை அல்ல. 1947ஆம் ஆண்டின் தொழில் நியமச் சட்டமோ சம்பளத்தில் மட்டுமே பால் பாகுபாட்டைத் தடைசெய்தது. பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று குடியியற் சட்டக்கோவையின் 90ஆம் பிரிவு சொல்கிறது. நல்லொழுக்கம் என்ற பெயரில் எந்த நாட்டிலும் பெண்களைத்தான் அடக்குவார்கள்; இங்கே அந்தச் சொல்லே பெண்ணுக்குக் கதவு திறந்தது. 1966 டிசம்பர் 20இல் ரோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த உறுதிமொழி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அடுத்தது நிசான் மோட்டார். அங்கே ஆண்களுக்கு ஓய்வு வயது 55, பெண்களுக்கு 50. ஐம்பதாவது வயதில் வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்ட ஒரு பெண் 1969இல் நீதிமன்றம் போனார். 1981 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாக முடிவு சொன்னபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. இந்த இரு பெண்களையும் யாரும் தலைவிகள் என்று அழைத்ததில்லை. ஒரு மேசைக்குக்கூடப் பொறுப்பாளராக ஆக்கப்படாதவர்கள் நாட்டின் சட்டத்தையே நகர்த்தினார்கள்.

அக்கமட்சுவின் கையில் இன்னொரு நெம்புகோலும் இருந்தது. பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தில் யப்பான் 1980இல் ஒப்பமிட்டிருந்தது. 1985க்குள் அதனை உறுதிப்படுத்த வேண்டும், அதற்கு ஒரு சட்டம் வேண்டும். முதலாளிமார் எதிர்த்தார்கள். இந்தச் சட்டம் பண்பாட்டின் சூழலையே அழித்துவிடும் என்று 1984இல் பிரபல சஞ்சிகையொன்றில் எழுதியவர் ஒரு பெண் பேராசிரியர். சமத்துவம் வேண்டுமென்றால் இரவு வேலைத் தடை போன்ற பாதுகாப்புகளை விட்டுக்கொடுங்கள் என்று பேரம் பேசப்பட்டது. 1985 மே மாதத்தில் நிறைவேறி 1986 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆட்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் பெண்களைச் சமமாக நடத்த ‘முயற்சி செய்யுமாறு’ கொம்பனிகளைக் கேட்டுக்கொண்டது. முயற்சி செய்யாவிட்டால் தண்டனை கிடையாது. அது தடையாக மாற 1999 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

கொம்பனிகள் முயற்சி செய்தன, வேறு விதமாக. ஊழியர்களை இரண்டு பாதைகளாகப் பிரித்தார்கள். ‘சோகோஷொக்கு’ என்றால் மேலே ஏறும் பாதை. நாட்டின் எந்த மூலைக்கு மாற்றினாலும் போக வேண்டும். ‘இப்பன்ஷொக்கு’ என்றால் உதவி வேலை. இடமாற்றமும் குறைவு, ஏற்றமும் இல்லை. ஆண்கள் கேள்வியின்றி முதலாவதில். பல்கலைக்கழகம் முடித்த ஒரு சில பெண்களும் அங்கே. மற்றப் பெண்கள் எல்லோரும் இரண்டாவதில். பெண் என்பதால் அல்ல, அவள் தெரிவுசெய்த பாதை அது என்று இப்போது சொல்லலாம். பழைய உறுதிமொழியைவிட இது கெட்டித்தனமானது என்பது எமது அபிப்பிராயம். பழையதில் கொம்பனியின் விருப்பம் வெளியே தெரிந்தது. புதியதில் பெண்ணின் விருப்பம் என்ற பெயரில் அது ஒளிந்துகொண்டது. தன்னம்பிக்கை வகுப்புகளுக்கான தேவையும் இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

1995இல் ஒசாக்காவில் சுமிற்றோமோ மின்சாரக் கொம்பனியின் (சீமெந்துக் கொம்பனி வேறு, பெயர்க்குடும்பம் ஒன்று) இரண்டு பெண்கள் இந்தப் பிரிவினைக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். இருவரும் 1960களில் உயர்பள்ளிப் படிப்போடு வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதே படிப்போடு சேர்ந்த ஆண்கள் ஏறிப் போய்விட்டார்கள். 2000 யூலையில் மாவட்ட நீதிமன்றம் விநோதமான ஒரு தீர்ப்பைச் சொன்னது. இது அரசியலமைப்பின் உணர்வுக்கு விரோதம்தான். ஆனால் 1960களில் ஆண் உழைப்பதும் பெண் வீட்டைப் பார்ப்பதும் சமூகத்தின் எண்ணமாக இருந்தபடியால், அன்றைய பொது ஒழுங்குக்கு விரோதமில்லை. அதே 90ஆம் பிரிவு! 1966இல் ரோக்கியோ நீதிபதிகளுக்குத் தெரிந்த பொது ஒழுங்கு, முப்பத்துநாலு வருடங்கள் கழித்து ஒசாக்காவில் தெரியாமல் போய்விட்டது.

பெண்கள் மேன்முறையீடு செய்தார்கள். 2003இல் ஐ.நா. குழு யப்பானின் அறிக்கையை விசாரித்தபோது, நியூயோர்க்குக்கே போய்த் தமது கதையைச் சொன்னார்கள். அந்த வருடம்தான் அரசாங்கம், 2020க்குள் தலைமைப் பதவிகளில் 30 வீதம் பெண்கள் என்று இலக்கு வைத்தது. 2020 வந்தது, இலக்கு பின்போடப்பட்டது.

ஒசாக்கா வழக்கு 2003 டிசம்பரில் மேன்முறையீட்டில் இணக்கமாக முடிந்தது. கொம்பனி நட்டஈடு கொடுத்தது. அடுத்த மாதம், அந்த இரு பெண்களில் ஒருவர் பிரிவுத் தலைவர் தரத்துக்கும், மற்றவர் அதற்கு ஒரு படி கீழான தரத்துக்கும் உயர்த்தப்பட்டார்கள். அவர்கள் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏறக்குறைய முப்பத்தைந்து வருடங்கள் ஆகியிருந்தன.