கழுவாத 2,500 ரோல்கள்

கேரி வினோகிராண்ட் 1984 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 56. நியூயார்க் தெருக்களில் லைக்கா கேமராவோடு அலைந்து, எதிரே வந்தவர்களையெல்லாம் படம் பிடித்த மனுஷர். அவர் விட்டுப்போனதில் சுமார் 2,500 ரோல் ஃபிலிம் கழுவவே படாமல் கிடந்தது. ரோலுக்கு 36 படம்னு வைத்தால் 90,000. அதுபோக, கழுவியும் காண்டாக்ட் ஷீட் போடாத ரோல்கள் சுமார் 6,500.

சோம்பேறித்தனம்னு நினைத்துவிட வேண்டாம். எடுத்த ரோலை ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துக் கழுவுவது அவர் வழக்கம். படம் எடுத்த நேரத்தின் சந்தோஷம் மனதில் இருக்கும்வரை சுமாரான படம்கூட நல்ல படமாகத் தெரியும்; அந்த நினைப்பு ஆறட்டும் என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்குக்கு ஃபிலிமின் வேதியியலும் இடம் கொடுத்தது. வெளிச்சம் பட்டதும் ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புப் படிகங்களில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. டெவலப்பர் கரைசலில் போட்டால்தான் அது கருத்து, படமாகும். அதுவரை படம் இருக்கிறது, ஆனால் இல்லை. எடுத்த கையோடு திரையில் பார்த்து அழிக்கிற நமக்கு இது கொஞ்சம் அந்நியம்தான்.

ஆனால் கடைசி வருஷங்களில், லாஸ் ஏஞ்சலஸில், காத்திருப்பு கைமீறிப்போனது. ஓடும் காரில் உட்கார்ந்தபடியே எடுத்துத் தள்ளினார், பார்க்கவில்லை. அவர் போனபிறகு அந்த ரோல்களைக் கழுவவைத்துப் பார்த்த ஜான் சார்கோவ்ஸ்கிக்குப் பெரிய ஏமாற்றம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வினோகிராண்டை முன்னிறுத்தியவரே அவர்தான். 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லியோ ரூபின்ஃபீன் அமைத்த கண்காட்சி, அதே குவியலிலிருந்து வேறு படங்களைப் பொறுக்கி மாட்டியது.

அவர் கண்ணாலேயே பார்க்காத படம் அவருடையதா? 'இல்லை' என்று சொல்லத்தான் முதலில் தோன்றும். தேர்ந்தெடுப்பதும் பாதி வேலையாச்சே. ஆனால் உயிரோடு இருந்தபோதே 1977-இல் வந்த 'பப்ளிக் ரிலேஷன்ஸ்' புத்தகத்துக்குப் படம் பொறுக்கும் வேலையை நண்பர் டாட் பாபஜார்ஜிடம் விட்டவர் அவர். எனவே தேர்வைவிடச் சிக்கல், கழுவாமல் விட்டதுதான். அந்த 2,500 ரோலில் எதைக் குப்பையில் போட்டிருப்பார் என்பதற்கு அவர் கைப்பட ஒரு பென்சில் குறிகூட இல்லை.